காவிக் கோட்டுக்கு வெளியே

எட்டு மாதங்கள் நான் என் மருத்துவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே மட்டும்தான் காட்டினேன். சேலையைக் கொஞ்சம் தூக்கினால் தெரிகிற அளவு. அதற்கு மேலே இருந்ததை அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுவது நல்லது. எனக்கு வந்த நோய் அபூர்வமானது. இதைப் படிக்கிறவர்களில் யாருக்கும் அது வராது என்றே நினைக்கிறேன். நான் செய்த தவறு அப்படி அபூர்வமானது அல்ல.

ஒரு நாளிதழில் இருபத்தாறு ஆண்டுகள் துணை ஆசிரியராக இருந்தேன். நிருபர்கள் அனுப்புவதைச் சரிபார்ப்பது, சுருக்குவது, தலைப்பிடுவது என் வேலை. வீடு சிட்லபாக்கத்தில், ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி. கணவர் கணேசன் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் அனு சிறுசேரியில் கணினி வேலை பார்க்கிறாள். நோய் தொடங்கியபோது எனக்கு ஐம்பத்து மூன்று வயது.

முதலில் வந்தது இடது கணுக்காலுக்கு மேலே ஒரு சிவப்புத் தடிப்பு. ஓரம் மட்டும் நல்ல சிவப்பு. அந்த ஓரத்தில் பொடிக் கொப்புளங்கள். அவை உடைந்து பொருக்காகும். நடுப்பகுதி தானாக ஆறிப் பழுப்பாகும். இரண்டு வாரத்தில் வலது காலிலும் வந்தது. எங்கள் தெருமுனை டாக்டர் படை என்று சொல்லிக் களிம்பு எழுதிக் கொடுத்தார். களிம்பு தடவிய இடம் ஆறியது. பக்கத்தில் புதிதாகச் சிவந்தது. மருந்து வேலை செய்கிறது என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

தொடை இடுக்கிலும் பின்புறத்திலும் அதே தடிப்பு இருந்தது. அங்கே இன்னும் மோசம். உட்கார்ந்து எழுந்தால் உள்பாவாடை ஒட்டிக்கொள்ளும். அதற்கும் அதே களிம்பைத் தடவிக்கொண்டேன்.

அந்த எட்டு மாதத்தில் வேறு சிலவும் நடந்தன. ஆறாவது மாதம் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை வந்திருந்தது. ஐம்பது தாண்டினால் வருவதுதானே என்று மாத்திரை தொடங்கினார்கள். நாக்கு சிவந்து வழவழப்பாகி, ரசத்தில் மிளகு பட்டால்கூட எரிந்தது. அதற்கு வைட்டமின் மாத்திரை. பதினோரு கிலோ குறைந்தேன். அலுவலகத்தில் இளைய பெண்கள் என்ன டயட் என்று கேட்டார்கள். சர்க்கரைக்காக நடக்கிறேன் என்று சொன்னேன். அது உண்மைதான், தினமும் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தேன்.

தடிப்பு, சர்க்கரை, நாக்கு, எடை: நான்கு ஒற்றைப் பத்திச் செய்திகள், நான்கு வெவ்வேறு பக்கங்களில். அப்படி ஒரு நாள் பத்திரிகை வெளிவந்தால் மறுநாள் காலைக் கூட்டத்தில், இவை எல்லாம் ஒரே செய்தி என்று யாருக்கும் தோன்றவில்லையா என்று கேட்டுச் சத்தம் போடுகிறவள் நான்தான்.

*

அக்கி என்று முதலில் சொன்னது பத்மா அக்கா. என் கணவரின் மூத்த சகோதரி, குரோம்பேட்டையில் இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவர் என் காலைப் பார்த்துவிட்டு, "இது அக்கி, விஜி. ஏழெட்டு மாசமா அக்கிக்குப் போயி களிம்பு தடவிக்கிட்டு இருக்கே. எழுதினா மூணு நாள்ல போயிடும்" என்றார்.

இந்தப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காக: அக்கி என்பது கொப்புளத்தோடு எரிகிற ஒரு தோல் நோய். சின்ன வயதில் வந்த அம்மைக் கிருமி உடம்பிலேயே தங்கி, பல வருடம் கழித்து ஏதோ ஒரு நரம்பின் வழியே வெளியே வருவது. அக்கி வந்தால் மண்பாண்டம் செய்கிறவர்கள் வீட்டுக்குப் போவார்கள். அவர்கள் காவியைக் குழைத்து, கொப்புளத்தைச் சுற்றி எல்லை போல ஒரு கோடு இழுத்து, மேலே சிங்கம் எழுதுவார்கள். மூன்று நாள் காலை. அதுவரை குளியல் கிடையாது, எண்ணெய் கிடையாது.

எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அக்கா இத்தனை மாதமாக என்னைப் பற்றிக் கவலைப்படுகிறார் என்பதில் நம்பிக்கை இருந்தது. போனேன்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பூந்தொட்டியும் சட்டியும் விற்கிற கன்னியம்மாவின் வீடு அது. என் வயதுதான் இருக்கும். என் இடது காலைப் பார்த்தார். எழுதத் தொடங்கவில்லை.

"அந்தக் கால காட்டு" என்றார். காட்டினேன். "ரெண்டு பக்கமும் கீதே. அக்கி ஒரு பக்கந்தாம்மா கட்டும். நடு ஒடம்பத் தாண்டாது. இது அக்கி இல்ல."

"பரவால்ல, எழுதும்மா. நம்பித்தானே வந்திருக்கோம்" என்றார் அக்கா.

"நம்பி வந்தவங்கள திருப்பி அனுப்பக் கூடாது, அதுக்கோசரம் எழுதறேன். ஆனா இது அது இல்ல" என்று சொல்லி, கோழி இறகைக் காவியில் தோய்த்து, இடது காலில் சிவப்பு எங்கே முடிகிறதோ அங்கே, ஒரு நூல்கூட விலகாமல் கோடு இழுத்தார். மேலே ஒரு சிங்கம். பார்ப்பதற்குப் பூனை போல இருந்தது. மூன்று நாளும் அதே கோட்டின் மேலேயே எழுதினார்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்ததும் என் கணவர் அதைப் படம் எடுத்தார். அவர் எதையும் படம் எடுப்பார். மின்சார மீட்டர், தண்ணீர்த் தொட்டியின் மட்டம், அடுக்ககத்து அறிவிப்புப் பலகை என்று எல்லாம் தேதியோடு அவர் கைபேசியில் இருக்கும். சிங்கத்தையும் எடுத்து, குடும்பக் குழுவில் போட்டார். அனு சிரிக்கிற முகம் ஒன்றை அனுப்பினாள்.

கன்னியம்மா சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மறைத்தேன் என்றில்லை. ஒரு செய்தியாகவே அதை எடுத்துக்கொள்ளவில்லை. யார் சொன்னார்கள் என்பதைப் பார்த்துத்தான் என்ன சொன்னார்கள் என்பதை எடை போடுவது என் தொழில் பழக்கம். அன்று அந்தப் பழக்கம் எனக்கு உதவவில்லை.

*

தாம்பரத்தில் ஒரு பெரிய மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு அனு முன்பதிவு செய்திருந்தாள். காவி எழுதி ஒரு வாரம் கழித்து. போவதற்கு முந்தைய நாள் சோப்பும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்து காவியை முழுக்கக் கழுவினேன். பத்திரிகைக்காரி காலில் சிங்கத்தோடு போய் உட்கார முடியாது.

மருத்துவர் அறுபது வயதைத் தாண்டிய பெண். சன்னமான குரல். நான் வழக்கம்போல முழங்காலுக்குக் கீழே காட்டினேன். அவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு பார்த்தார். பழைய சீட்டுகளைப் புரட்டினார். காளான் படை, ஒவ்வாமை என்று இதுவரை எழுதியவற்றில் ஏதோ ஒன்றைத்தான் அவரும் எழுதப் போகிறார் என்று தோன்றியது. பேனாவை எடுத்துவிட்டார்.

"மேடம், போன வாரம் இது வேற எடத்துல இருந்துது" என்றார் என் கணவர்.

கைபேசியை நீட்டினார். படத்தில் என் கால், காவிக் கோடு, பூனை போன்ற சிங்கம். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவரை முறைத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

மருத்துவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "எப்ப எடுத்தது?"

"புதன்கிழமை காலைல எட்டு பத்து. தேதி இருக்கு பாருங்க."

அவர் எழுந்து வந்து கைபேசியை என் காலுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார். படத்தில் கோட்டுக்கு உள்ளே ஓரம் எங்கே சிவந்திருந்ததோ அங்கே இப்போது பழுப்பாக ஆறியிருந்தது. சிவப்பு ஓரம் கோடு இருந்த இடத்தைத் தாண்டி ஒரு விரல்கடை வெளியே வந்திருந்தது. அவர் அளவுகோல் வைத்து அளந்தார்.

"நடக்குது" என்றார், தனக்குத்தானே. பிறகு என்னிடம்: "வேற எங்கயும் இருக்கா?"

"இல்ல" என்றேன். எட்டு மாதப் பழக்கம்.

அவர் என் கணவரை வெளியே உட்காரச் சொன்னார். திரையை இழுத்தார். "முட்டிக்கு மேல எனக்குக் காட்டாம வேற யாருக்குக் காட்டப் போறீங்க?" என்றார்.

காட்டினேன். அவர் பார்த்து முடிக்க இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். பிறகு கேட்ட கேள்விகள் தோலைப் பற்றியவை அல்ல. சர்க்கரை எப்போது வந்தது? எடை எவ்வளவு குறைந்தது? நாக்கை நீட்டுங்கள். நான்கு பக்கத்துச் செய்திகளையும் ஒரே பக்கத்துக்குக் கொண்டு வந்தார்.

கணையத்தில் ஒரு வகைக் கட்டி வந்தால் தோலில் இப்படி ஒரு தடிப்பு வரும், அது இடம் மாறிக்கொண்டே இருக்கும், பாடத்தில் படித்திருக்கிறேன், நேரில் பார்த்ததில்லை என்றார். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், பார்த்துவிடலாம் என்றார். வெளியே வந்ததும் என் கணவர், படத்தைக் காட்டியதற்குக் கோபமா என்று கேட்டார். லிஃப்டுக்குக் காத்திருந்தபோது அவர் அங்கிருந்த அறிவிப்பை ஒரு படம் எடுத்தார்.

*

கணையம் இரைப்பைக்குப் பின்னால், குறுக்காகக் கிடக்கிற ஓர் உறுப்பு. அதன் அகலமான பக்கத்தைத் தலை என்றும் மெலிந்த பக்கத்தை வால் என்றும் சொல்கிறார்கள். அதிலிருந்து வருகிற இன்சுலினைப் பலருக்கும் தெரியும், சர்க்கரையைக் குறைப்பது. அதற்கு எதிர் வேலை செய்கிற இன்னொன்றும் அங்கிருந்து வருகிறது. பெயர் குளுக்ககான். நாம் பட்டினி கிடக்கும்போது உடம்பில் சேமிப்பிலிருக்கிற சர்க்கரையை எடுத்துக் கொடுப்பது அது. என் கட்டி இந்தக் குளுக்ககானை இரவு பகலாகச் சுரந்துகொண்டிருந்தது. நான் மூன்று வேளை சாப்பிட்டேன்; உடம்போ பட்டினி கிடப்பதாக நினைத்துக்கொண்டு தன் புரதத்தையே உடைத்துச் சர்க்கரையாக்கியது. சர்க்கரை ஏறியதும் எடை குறைந்ததும் அதனால். தோல் தினமும் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டிய பொருள் கிடைக்காமல் அங்கங்கே செத்தது. அதுதான் தடிப்பு.

இதைத் தெரிந்துகொள்ள மூன்று வாரம் ஆயிற்று. தடிப்பின் ஓரத்தில் மிளகளவு தோலை எடுத்து உருப்பெருக்கியில் பார்த்தார்கள். வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து, பனிக்கட்டியில் வைத்து வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். வயிற்றை ஸ்கேன் செய்தார்கள். கணையத்தின் வாலில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி தெரிந்தது. ரத்த முடிவு பத்து நாள் கழித்து வந்தது. இருக்க வேண்டிய அளவைவிடப் பல மடங்கு. அதைப் படித்தபோது எனக்கு வந்த முதல் உணர்ச்சி, எழுதுவதற்குச் சங்கடமாக இருக்கிறது, நிம்மதி. என்ன என்று தெரிந்துவிட்டது.

அந்த நிம்மதி ஒரு மாலை நீடித்தது. அனு அன்றே இணையத்தில் எல்லாவற்றையும் படித்திருக்கிறாள். மெதுவாக வளர்கிற கட்டி, அறுவைச் சிகிச்சையில் எடுத்துவிடலாம் என்று என்னிடம் சொன்னாள். பெரும்பாலும் கண்டுபிடிக்கும்போதே கல்லீரலுக்குப் போயிருக்கும் என்கிற பாதியைச் சொல்லவில்லை. அதை அறுவைச் சிகிச்சை நிபுணரின் அறையில் தெரிந்துகொண்டேன். அவளைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவளும் முழங்கால் வரைதான் காட்டினாள்.

ஆகவே கேள்வி ஒன்றே ஒன்றாகச் சுருங்கியது: கட்டி வாலோடு நிற்கிறதா, தாண்டிவிட்டதா?

அதற்கென ஒரு தனி ஸ்கேன் உண்டு. இந்த வகைக் கட்டியின் உயிரணுக்களில் மட்டும் போய் ஒட்டுகிற, லேசான கதிரியக்கமுள்ள மருந்தை ஊசியில் ஏற்றிவிட்டு உடம்பைப் படம் எடுப்பார்கள். எங்கே கட்டி இருக்கிறதோ அங்கே விளக்கு எரிவதுபோலத் தெரியும். எனக்கு வாலில் ஒரு பெரிய வெளிச்சம். கல்லீரலின் ஓரத்தில் பட்டாணி அளவில் இன்னொன்று.

தாண்டிவிட்டது. ஆனால் ஒரு விரல்கடைதான்.

*

அறுவைச் சிகிச்சைக்கு முன் ஐந்து வாரம் உடம்பைத் தயார் செய்தார்கள். கட்டி சுரப்பதைக் குறைக்க ஓர் ஊசி. தோலுக்காகப் புரதச் சத்து நாளத்தின் வழியே. வாலோடு சேர்த்து மண்ணீரலையும் எடுக்க வேண்டியிருக்கும் என்பதால், அது இல்லாதவர்களை எளிதாகத் தாக்கும் கிருமிகளுக்கு முன்கூட்டியே தடுப்பூசிகள். இந்த நோயில் ரத்தம் கால் நாளங்களில் உறைந்துகொள்ளும் என்பதால் வயிற்றில் தினம் ஒரு சிறு ஊசி. அதை என் கணவரே போடக் கற்றுக்கொண்டார். ஒவ்வொரு நாளும் எந்த இடத்தில் போட்டார் என்பதை ஒரு வரைபடமாகக் குறித்து வைத்தார். சுரப்பைக் குறைக்கும் ஊசி தொடங்கிப் பத்து நாளில் தடிப்பின் சிவப்பு மங்கியது. களிம்பு எதுவும் தடவாமலே.

அந்த வாரங்களில் காத்திருப்புக் கூடத்தை நன்றாகப் பார்த்தேன். ஆட்கள் நாற்காலியில் தங்கள் மருத்துவக் கோப்பையும் டோக்கனையும் வைத்துவிட்டு கேன்டீனுக்குப் போவார்கள்; கோப்புக்கும் டோக்கனுக்கும் மரியாதை இருந்தது, யாரும் அதை நகர்த்த மாட்டார்கள். காப்பீட்டு மேசையில் இருந்த பெண் என் நோயின் பெயரை மூன்று முறை எழுத்துக்கூட்டச் சொன்னாள். அவள் கணினியில் அது இல்லை. 'இதர' என்று போட்டுக்கொள்ளவா என்று கேட்டாள். போட்டுக்கொள்ளச் சொன்னேன். ஒப்புதல் நான்காவது நாள் வந்தது.

பெருங்களத்தூர் ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் இரண்டு முறை பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்குக் கணைய அழற்சி.

"இன்னாக்கா, உனக்கும் கணையமா?" என்றார். தலையாட்டினேன். கொஞ்சம் தயங்கி, "தண்ணி பழக்கம்லாம்..." என்று இழுத்தார்.

இல்லை என்றேன்.

"பாரு. நான் குடிச்சிக் கெடுத்துகினேன். நீ குடிக்காமலே வந்து குந்திகினுகீற. இன்னா நியாயம் இது?"

யோசித்துப் பார்த்தேன். அந்தக் கூடத்தில் அதுவரை யாரும் அதை அவ்வளவு சரியாகக் கேட்டிருக்கவில்லை.

பத்மா அக்கா அந்த ஐந்து வாரமும் எங்கள் வீட்டிலேயே தங்கினார். தினம் நான்கு முட்டையின் வெள்ளைக் கருவை ஏதாவது ஒரு வடிவத்தில் எனக்குக் கொடுத்தார். அவர் வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை. அதை உடைக்கவே என் கணவரிடம் கற்றுக்கொண்டார். உடைக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். அக்கி பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. காவி எழுதியதால்தான் நோய் உள்ளே போய்விட்டது என்று அவர் மனதில் ஓடிக்கொண்டிருந்ததை அனுதான் கண்டுபிடித்துச் சொன்னாள். அந்தப் படத்தால்தான் கண்டுபிடிக்க முடிந்தது என்று நானே அவரிடம் சொன்னேன். நம்பினாரா தெரியவில்லை. அன்று முட்டை ஐந்தாயிற்று.

*

அறுவைச் சிகிச்சை ஆறரை மணி நேரம். கணையத்தின் வால், மண்ணீரல், கல்லீரலின் ஓரத்தில் ஒரு துண்டு. அதைப் பற்றி நான் சொல்ல எதுவும் இல்லை. நான் அங்கே இல்லை. விழித்தபோது வாய் காய்ந்திருந்தது. மூக்கிலும் வயிற்றிலும் குழாய்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் கடிகாரம் என் தலைக்குப் பின்னால் இருந்தது. அங்கிருந்த நாளெல்லாம் மணி தெரியவில்லை. பணி மாறும்போது நர்சுகள் என்னைப் பற்றி ஒருவருக்கொருவர் ஒப்பிப்பார்கள். 'ஐந்தாம் படுக்கை, முதல் நாள், வடிகால் நூற்றிருபது மில்லி, வலி ஆறு.' சுருக்கமாக, ஒரு சொல் அதிகமில்லாமல். கேட்க நன்றாக இருந்தது.

வலியைப் பத்துக்கு எவ்வளவு என்று கேட்பார்கள். நான் ஆறு என்றே சொல்லிவந்தேன். இரண்டாம் நாள் மாலை ஒரு நர்சு, ஆறு என்று சொல்கிறவர்கள் கட்டில் கம்பியை இப்படிப் பிடிக்க மாட்டார்கள் என்றாள். ஒன்பது என்றேன். ஊசி போட்டாள். பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போவதில்லை.

ஐந்தாம் நாள் அறைக்கு மாற்றினார்கள். அக்கா செய்தித்தாள் வாங்கி வந்து கட்டிலில் வைத்தார். முதல் பக்கத்தில் ஒரு தலைப்பில் ஊர்ப் பெயர் தவறாக இருந்தது. பேனா கேட்டேன். அக்கா வெளியே போய் என் கணவரிடம், "விஜி பேனா கேட்டுட்டா" என்று சொன்னது கேட்டது.

திசு அறிக்கை பதினோராம் நாள். கட்டி மெதுவாக வளர்கிற வகை. கல்லீரலில் இருந்ததும் அதே. ஓரங்கள் சுத்தமாக இருக்கின்றன. அறுவைச் சிகிச்சை நிபுணர் அதிகம் பேசாதவர். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "கண்ணுக்குத் தெரிஞ்சதெல்லாம் எடுத்தாச்சும்மா. திரும்ப வராதுன்னு சொல்ல மாட்டேன். வந்தா ஸ்கேனுக்கு முன்னாடி உங்க தோல்லதான் தெரியலாம். அதப் பாத்துக்குங்க."

வீட்டுக்கு வந்து மூன்றாவது வாரம் கடைசிப் பொருக்கும் உதிர்ந்தது. கால்களில் தேசப்படம் போலப் பழுப்புத் திட்டுகள் மட்டும் மிஞ்சின.

*

அதன் பிறகு தினமும் காலையில் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, உச்சி முதல் பாதம் வரை கண்ணாடியில் பார்ப்பேன். முழங்காலுக்கு மேலேயும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன். இரண்டு ஸ்கேனும் வெறுமையாக வந்தன.

மூன்றாவது ஸ்கேனுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, வலது இடுப்பில் எரிச்சல் தொடங்கியது. இரண்டு நாள் எரிச்சல் மட்டும். மூன்றாம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை காலை, சிவப்பு. சிவப்பின் மேல் பொடிக் கொப்புளங்கள்.

குளியலறையை விட்டு வெளியே வந்து கணவரிடம் காட்டினேன். அவர் படம் எடுத்தார். முதல் படம் கலங்கியிருந்தது; இன்னொன்று எடுத்தார். தோல் மருத்துவர் மறுநாள் காலைதான் வருவார் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். பேர் பதிந்துகொண்டோம். பகல் முழுவதும் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. இரண்டு பேருக்கும் தெரிந்ததை எதற்குப் பேச வேண்டும்? நான்கு மணிக்கு அவர் வண்டிச் சாவியை எடுத்தார். எங்கே என்று கேட்டேன்.

"வெள்ளிக்கெழம. சந்தை இருக்கும்" என்றார்.

கன்னியம்மா பூந்தொட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. சிங்கம் எழுதிய காலைக் காட்டியதும் தெரிந்தது. கடையைப் பக்கத்துக் கடைப் பெண்ணிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வீட்டுக்கு அழைத்துப் போனார். கதவைச் சாத்தினார். அவர் கேட்கும் முன்பே முந்தானையை விலக்கி, இடுப்பைக் காட்டினேன்.

குனிந்து பார்த்தார். பிறகு, "திரும்பு" என்றார். திரும்பினேன். "அந்தப் பக்கம்." அதையும் காட்டினேன். "கால்ல? தொடைல?"

எங்கும் இல்லை என்றேன். இந்த முறை உண்மை.

அவர் ஒரு விரலை என் நடு முதுகுக்கு நேரே நீட்டி, தோலைத் தொடாமல், இடுப்பைச் சுற்றிக்கொண்டு வந்து தொப்புளுக்கு ஒரு விரல்கடை முன்னால் நிறுத்தினார். "முதுவுலருந்து வந்து இங்க நின்னுடுச்சி பாரு. நடுவத் தாண்டல. ஒரு பக்கந்தான்." நிமிர்ந்தார். "இது அக்கிம்மா. அன்னிக்கு இல்ல. இன்னிக்குத்தான் அக்கி."

நல்லாப் பாருங்க என்றேன்.

"எத்தினி பாத்துகீறேன். நீ இன்னாத்துக்கு அழற? இதுக்குப் போயி யாராச்சும் அழுவாங்களா?"

அழுதது எனக்குத் தெரியவில்லை. அவர் காவியைக் குழைத்தார். எழுதட்டும் என்று நின்றேன். சிங்கம் இந்த முறையும் பூனையாகத்தான் வந்தது.

சனிக்கிழமை காலை கழுவாமலே போனேன். தோல் மருத்துவர் காவியைப் பார்த்தார். அன்று எழுதிய அதே அம்மாவா என்று கேட்டார். ஆமாம் என்றேன். என்ன சொன்னார் என்று கேட்டார்.

"அக்கின்னு சொன்னாங்க."

மருத்துவர் கொப்புளங்கள் எங்கே தொடங்கி எங்கே நிற்கின்றன என்று பார்த்தார். முதுகின் நடுவையும் வயிற்றின் நடுவையும் பார்த்தார். கால்களை, தொடையை, நாக்கைப் பார்த்தார். "சரியாத்தான் சொல்லியிருக்காங்க" என்றார். ஏழு நாள் மாத்திரை எழுதினார். காவி போதாது, மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது, கொப்புளத்தின் மேல் எதுவும் பூசக் கூடாது, வீட்டுக்குப் போனதும் மெதுவாகக் கழுவிவிடுங்கள் என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று குளுக்ககானுக்கு ரத்தமும் எடுத்தார்கள். பத்து நாள் கழித்து வந்தது. இருக்க வேண்டிய அளவு.

பத்மா அக்காவுக்கு போனில் சொன்னேன். "நான் அன்னிக்கே அக்கின்னு சொன்னேன்ல?" என்றார்.

அக்கியின் வலி பெரிய வலி. உடுத்தியிருக்கிற துணி பட்டால்கூடத் தீ வைத்ததுபோல இருக்கும். அன்று மதியம் நான் சாய்வு நாற்காலியில் ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்திருந்தேன். கணவர் மாத்திரையும் தண்ணீரும் கொண்டு வந்தார்.

"ரொம்ப எரியுதா?" என்று கேட்டார். "பத்துக்கு எவ்வளவு?"

எட்டு என்றேன். குறைத்துச் சொல்லவில்லை.

"எங்கெல்லாம்?"

"ஒரு பக்கம்" என்றேன். "ஒரு பக்கம் மட்டும்."